இரண்டாவது சரணத்தில் வளையல்

...கேட்கட்டும், மலைச்சனம் மொத்தமும் கேட்கட்டும், மேடையில் அவள் பட்டுப்புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நிற்கும்போதே கேட்கட்டும், மைக் செட் ஆதிமூலத்திடம் நேற்றே சொல்லிவிட்டேன், வெள்ளிமலைத் திருவிழாவில் ஜெயசுதா அந்த அம்மன் பாட்டைப் பாடி முடித்த கையோடு என் போனிலிருந்து ஒரு பாட்டு போட வேண்டும், அதே பாட்டு, ஆனால் அசல். அவன் எதற்கென்று கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பஸ் கச்சிராயபாளையம் தாண்டிவிட்டது, போனில் பாட்டு அறுபத்திரண்டு சதவீதம்தான் இறங்கியிருக்கிறது, கோமுகி அணை தாண்டினால் டவர் போய்விடும், மலை ஏறினால் சுத்தம், அதற்குள் இறங்கு, இறங்கித் தொலை... தம்பி சரத்குமார் மலேசியாவில் காசு கொடுத்து வாங்கி அனுப்புகிறான், "யக்கா, டாக்குமெண்டா அனுப்பறேன், சும்மா அனுப்புனா வாட்ஸப்பு சத்தத்த நசுக்கிடும்" என்று சொல்லி அனுப்புகிறான். அவனுக்கு இருக்கிற அறிவு ஊரில் எவனுக்கு இருக்கிறது? எல்லாரும் நசுங்கினதைத்தானே கேட்டுவிட்டு ஜெயசுதா குரல், ஜெயசுதா குரல் என்கிறார்கள்.

இந்தப் பாட்டை நல்ல தரத்தில் விற்கிற கடை இணையத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதுவும் வெளிநாட்டுக் கடை. நான்கு மாதமாக அதன் கதவைத் தட்டினேன். ஆல்பம் படம் தெரியும், அம்மன் முகம் தெரியும், 'பாடியவர்: ஜெயசுதா' என்பது நன்றாகவே தெரியும், வாங்கப் போனால் மட்டும் 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று ஒரு வரி. எந்த நாட்டில் கிடைக்காது? கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில், சுபாஷ் ஸ்டூடியோ மாடியில், கால் வீங்க நின்று பாடினேனே, அந்த நாட்டிலா? பாடின தொண்டை நைனார்பாளையத்தில் இருக்கிறது, பாட்டு மலேசியாக்காரனுக்குத்தான் கிடைக்குமாம். வெளிநாட்டு உரிமையை ஸ்டூடியோக்காரன் சுபாஷ் தனியாக யாருக்கோ கொடுத்துவிட்டானாம், அதனால் இங்கே இருப்பதெல்லாம் மெமரி கார்டிலிருந்து கார்டுக்கு ஏற்றி ஏற்றி நைந்துபோன காப்பி. அதில் பம்பை இருக்கிறது, உடுக்கை இருக்கிறது, என் வளையல் மட்டும் இல்லை. இரண்டாவது சரணத்தில் வளையல் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ வறுகடலை மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது?

வளையல்தான் என் சாட்சி. வளைகாப்பு போட்டு நான்கு நாள், இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், அதோடுதான் பாடப் போனேன். டிராக் பாடத்தான் கூப்பிட்டிருந்தார்கள், அதாவது பெரிய பாடகி வந்து பாடுகிற வரைக்கும் அளவுக்குப் பாடி வைப்பது. "ஏம்மா செந்தமிழ்ச்செல்வி, வளையலக் கழட்டி வச்சிட்டுப் பாடும்மா, சலசலன்னு கேக்குது" என்றான் சுபாஷ். "கொழந்தை பொறக்கற வரைக்கும் கழட்டக் கூடாதுங்க" என்றேன். கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினோம், இரண்டாவது சரணத்தில் கையைத் தூக்கினபோது கட்டு நழுவி, சலங்... அவன் தலையில் அடித்துக்கொண்டான், நான் சிரித்துவிட்டேன். பிறகு பிரசவம், பால், தூக்கமில்லாத மூன்று மாதம், ஒருநாள் டீக்கடை ஸ்பீக்கரில் என் குரல் வருகிறது, சிடி அட்டையில் ஜெயசுதா பெயர். போய்க் கேட்டால், "உன் பேரு நீளம்மா, அட்டையில அடங்கல" என்று சொன்னான் சுபாஷ். அடங்காதாம்! பெயர் அடங்காது, குரல் மட்டும் அடங்கிவிட்டதா?

அவனைக்கூட மன்னித்திருப்பேன், வியாபாரி. ஜெயசுதாவை எப்படி? ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்கு என் பக்கத்தில் நின்று பாடியவள், கல்யாண வீட்டில் என் மாமியார், நாத்தனார் எல்லாரும் இருக்கும்போது சொல்கிறாள், "செல்வியா? அவ சும்மா டிராக்குக்கு வந்துகினு இருந்தவ, அந்தப் பாட்டுல அவ தும்முன சத்தம்கூடக் கெடையாது." அன்றைக்கு என் இலையில் இருந்த சோறு அப்படியே இருந்தது. இத்தனைக்கும் அந்த உச்சி வரி, 'எட்டாத மலையில எட்டி நிக்கிறவளே' என்று குரல் ஏறி நிற்கிற இடம், கேட்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிற இடம், அது நான். என் மகள் தேவதர்ஷினி உள்ளே உதைத்துக்கொண்டிருக்க நான் பாடினது. இன்றைக்கு வீட்டில் பாடிப் பார்த்தால் அந்த இடம் எட்டுவதில்லை, பிள்ளை பெற்றதில் தொண்டை போய்விட்டது, போகட்டும், அன்றைக்குப் பாடினது பாடினதுதானே?

நூறு. இறங்கிவிட்டது! அணை தெரிகிறது, டவர் ஒரு கோடு, சரத் தம்பி நீ நன்றாக இரு. காதை மூடுகிற பெரிய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன், பக்கத்து சீட்டில் சாமை மூட்டையை மடியில் வைத்திருந்த அம்மாள், "இன்னாம்மா, சாமி பாட்டா?" என்றாள், ஆமாம் என்று தலையாட்டினேன், ஆசாமி பாட்டு என்று சொல்லவில்லை. பஸ் முதல் வளைவில் திரும்புகிறது, பாட்டு ஆரம்பிக்கிறது... அடேயப்பா, இவ்வளவு இருந்ததா இதற்குள்? பம்பையில் குச்சி பட்டுத் தெறிப்பது தனியாகக் கேட்கிறது, அறையின் காற்றுகூடக் கேட்கிறது, என் குரல், ஐயோ என் குரல், ஆறு வருஷத்துக்கு முந்தைய நான். கூடவே ஒட்டிக்கொண்டு இன்னொன்று. இரண்டு மூச்சு. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் இரண்டு பேர் மூச்சு இழுக்கிறார்கள், நான் ஒன்று, அவள் ஒன்று, நைந்த காப்பியில் ஒரே ஆளாகத் தெரிந்தது இரண்டு பேர், என் குரல் மேல் அவள் குரலை ஏற்றிப் பூசியிருக்கிறான் சுபாஷ். சரி, பூசிக்கொள்ளட்டும், அடியில் நான்தானே? இரண்டாவது சரணம்... சலங்! வந்துவிட்டது. என் வளையல், என் வளைகாப்பு வளையல்! தும்மின சத்தம்கூட இல்லையா ஜெயசுதா, இந்தா கேள், நன்றாகக் கேள், எனக்குச் சிரிப்பு வந்து சாமை மூட்டை அம்மாள் திரும்பிப் பார்த்தாள். இனி உச்சி வரி, இதோ, மூச்சு...

ஒரு மூச்சுதான் கேட்டது. பின்னால் தள்ளி மறுபடி கேட்டேன். ஒன்றுதான், குட்டையான, பயந்த மூச்சு, என்னுடையது அல்ல, ஜெயசுதாவுடையது. 'எட்டாத' என்று ஏறுகிறது ஒரு குரல், தனியாக, கீழே யாரும் இல்லாமல். நான்காவது தடவை கேட்டபோது ஸ்டூடியோ சுவர் ஞாபகம் வந்தது. சாய்ந்து நின்றிருக்கிறேன், ஒரு கை வயிற்றில், மூச்சு முட்டுகிறது, இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் உடைந்துபோய், "வுடும்மா, அந்த ஒரு வரிய அப்புறம் பாத்துக்கலாம், நீ வூட்டுக்குப் போ" என்று சுபாஷ் சொல்கிறான். சொன்னான்தானே? சொன்னான். இது எங்கே போயிருந்தது இத்தனை நாள்? பிள்ளை பெற்றதில் போன தொண்டை என்று ஆறு வருஷம் அந்தக் குழந்தை மேல் அல்லவா பழி போட்டேன்... போகட்டும், ஒரு வரிதானே, மிச்சமெல்லாம் நான், வளையல் நான், அவள் சொன்னது பொய், நான் சொன்னதும்... பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது, ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிமலையில் இறங்கும்போதே குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. அவள்தான், முதல் சரணம். மேடைக்குப் பின்னால் ஆதிமூலம் ஒயரோடு நிற்கிறான். "போனக் குடுங்கக்கா, ரெடியா வச்சிகினு இருக்கேன்."

"ஆதிமூலம், உன் குழாய்ல வளையல் சத்தம் கேக்குமா?"

"வளையலா? அவங்க பாடறதே கரகரன்னுதான் கேக்குது, இதுல வளையலு இன்னாக்கா கேக்கும்?"

கேட்காது. இரண்டு மூச்சும் கேட்காது, ஒரு மூச்சும் கேட்காது, இந்த மலையில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை, எனக்கு மட்டும்தான் தெரியும். போன் என் கையில், ஒயர் அவன் கையில். இரண்டாவது சரணம் முடிகிறது, அவளும் முன்போல இல்லை, உடம்பு பெருத்துவிட்டது, மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள், அடுத்தது அந்த வரி. உடையட்டும், இத்தனை பேர் முன்னால் அந்தத் தொண்டை உடைந்து விழட்டும், அதைப் பார்க்கத்தானே அத்தனை வளைவு ஏறி வந்தேன்... பிறகு எதற்கு நானும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்?