நாற்பத்தேழு கையெழுத்தும் ஒரு மதியச் சாப்பாடும்

இருநூறு மண்கல் அறுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஊர் எனக்குத் தண்டனை போட்டிருக்கிறது. நூற்று நாற்பது முடிந்துவிட்டது. சேற்றை மிதித்து மிதித்துக் கால் விறைத்துப்போகிறது, எங்கள் மலையில் மே மாதம் குளிர்காலம் வேறு. இருந்தாலும் எனக்கு மனக்குறை எதுவும் கிடையாது. இதையே வேறு யாராவது செய்திருந்தால் முன்னூறு போடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

என் பெயர் எலெவ்தேரியா. கலாபம்பா ஊர்ச்சங்கத்தின் தீர்மானப் புத்தகம் ஆறு வருஷம் என் கையில்தான் இருந்தது. முத்திரையும் என்னிடம்தான். பொலிவியாவில் கடவுளே நேரில் வந்து ஒரு காரியத்தைச் சொன்னாலும், முத்திரை விழாவிட்டால் எவனும் மதிக்கமாட்டான். அப்படிப்பட்ட பொறுப்பில் இருந்தவள், இரண்டு பொட்டலம் வறுத்த கோழிக்கு ஆசைப்பட்டு ஏமாந்தேன்.

மார்ச் மாதம் சான் மாத்தியோ டவுனில் ஒரு கூட்டம் போட்டார்கள். சீர்திருத்த அலுவலகத்திலிருந்து ஒப்லீத்தாஸ் என்ற அதிகாரி வந்திருந்தார். சுவரில் படம் காட்டிக் காட்டிப் பேசினார். வெளிநாட்டுக்காரர்கள் நம் நாட்டின் கடனைத் தள்ளுபடி செய்யப்போகிறார்களாம். அதற்கு நாடு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலவைக் குறைத்துக் காட்ட வேண்டுமாம். குறைத்ததையும் ஜனங்களைக் கேட்டுத்தான் குறைத்தோம் என்று காட்ட வேண்டுமாம். அந்தக் கடனை எந்தப் புண்ணியவான் வாங்கினான், எங்கே கொண்டுபோய் வைத்தான் என்று எங்கள் ஊர்த்தலைவர் செவேரோ கேட்டார். அது இன்றைய தலைப்பில் இல்லை என்று ஒப்லீத்தாஸ் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

மதியம் கோழிப் பொட்டலம் வந்தது. ஒரு கையெழுத்துக்கு ஒரு பொட்டலம். எங்கள் ஊர்க்காரர்கள் நாற்பத்தாறு பேர் வரிசையில் நின்று போட்டோம், கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். காகிதத்தின் மேல்பகுதி மடித்துக் கிளிப்பால் கவ்வியிருந்தது. எனக்கு அப்போது என் மகள் நியேவெஸ் ஞாபகம். ஏழு மாசக் கர்ப்பம், வீட்டில் இருந்தாள், கோழிக்கு உயிரை விடுவாள். அவள் பெயரையும் நானே எழுதி, இன்னொரு பொட்டலம் வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து நர்ஸ் பசிலியா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எங்கள் நான்கு ஊருக்கும் சேர்த்து ஒரே சுகாதார நிலையம், அதற்கு ஒரே நர்ஸ் அவள்தான். கையில் ஒரு கடிதம் இருந்தது. கீழே கையொப்பமிட்டுள்ள கலாபம்பா மக்கள் நாற்பத்தேழு பேரின் விருப்பப்படி, சுகாதார நிலையம் சான் மாத்தியோ ஆஸ்பத்திரியோடு இணைக்கப்படுகிறது, நர்ஸ் பணியிடம் மாதக் கடைசியோடு ரத்து என்று அதில் இருந்தது. பின்னால் எங்கள் கையெழுத்துகளின் நகல். கடைசியாக, என் கையால் எழுதிய என் மகள் பெயர்.

பசிலியா சத்தம் போடவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நேத்துதான் நியேவெஸ் வயித்தைத் தொட்டுப் பார்த்தேன் அக்கா," என்றாள். "பிள்ளை இன்னும் குறுக்கதான் கிடக்கு. வாராவாரம் பார்த்துத் திருப்பிவிடணும். லாரியில நாலு மணி நேரம் அவளைக் குலுக்கிக் கூட்டிட்டுப் போக முடியாது. அவளே என்னை வேணாம்னு எழுதிக் கொடுத்திருக்கா, பாருங்க."

மறுநாளே டவுனுக்குப் போய் ஒப்லீத்தாஸைப் பார்த்தேன். சாப்பாட்டுக்குப் போட்ட கையெழுத்து அது, சம்மதத்துக்குப் போட்டதில்லை என்று எடுத்துச் சொன்னேன். அவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"கையெழுத்துன்னா கையெழுத்துதான்மா. சாப்பிட்டீங்கல்ல? நல்லா இருந்துச்சுல்ல? அப்புறம் என்ன?"

மாதக் கடைசியில் கடன் கொடுத்த வங்கிக்காரர்கள் வருகிறார்கள், ஜனங்கள் எப்படிக் கலந்துகொண்டார்கள் என்று பார்க்கப்போகிறார்கள், அன்றைக்கு வந்து கலாட்டா பண்ணிவைக்காதே என்று புத்திமதியும் சொன்னார். 

ஊர்க்கூட்டத்தில் மெல்லுவதற்குக் கொடுக்கும் கோக்கா இலை ஒரு சுற்று வந்து முடிவதற்குள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்தி, நீயே மடித்த காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா என்றார்கள். தப்புதான் என்று ஒப்புக்கொண்டேன். மகள் பெயரை எழுதியதை மட்டும் அப்போது சொல்லவில்லை. பசிலியா என்னிடம் விட்டுப்போன நகலை நான் மூட்டைக்குள் வைத்திருந்தேன், யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு அவ்வளவு தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை.

கடைசியில் செவேரோ தன் தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு பேசினார். ஒருவன் நமக்குச் சோறு போட்டால் நாமும் அவனுக்குப் போட்டாக வேண்டும், போடாதவரைக்கும் நாம் அவனுக்குக் கீழேதான் என்றார். எங்கள் பக்கத்தில் இது பெரிய விஷயம். உழவுக்கு உழவு, கூரைக்குக் கூரை, தட்டுக்குத் தட்டு. வாங்கியதைத் திருப்பாமல் எந்த வீடும் தலைநிமிர்ந்து நிற்க முடியாது.

"அப்ப திருப்பிடுவோம்," என்றேன் நான். "கோழி மட்டுமில்ல. காகிதத்தையும் அவர் கொடுத்த மாதிரியே திருப்பிடுவோம்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள்.

வங்கிக்காரர்கள் வந்த அன்று நாற்பத்தாறு பேரும் லாரியில் போய் இறங்கினோம். அலுவலகத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் எங்கள் வண்ணத் துணிகளை ஒன்றோடொன்று சேர்த்து நீளமாக விரித்தோம். அதன்மேல் அவித்த உருளைக்கிழங்கு, பனியில் காயவைத்த கறுப்பு உருளை, அவரை, பாலாடைக்கட்டி, வறுத்த மீன் என்று குவித்தோம். கோழியும் இருந்தது. பசிலியாவை நாங்கள் கூப்பிடவில்லை, அவள் வேலையில் இருக்க வேண்டும். கடைசி நாள் என்றாலும் வேலை நாள்தான்.

வங்கியிலிருந்து வந்தவர்கள் நான்கு பேர். அவர்களுக்குத் தலைவி நரைமுடிக்காரி ஒருத்தி, ஸ்பானிஷ் மெதுவாகப் பேசினாள், ஆனால் நன்றாகவே புரிந்துகொண்டாள். விரித்த துணிகளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒப்லீத்தாஸுக்கு முகமெல்லாம் பல். இதுதான் அம்மணி மக்கள் பங்கேற்பு, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் பாருங்கள் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே கோழித் தொடையை எடுத்தார்.

நான் தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்தின் மேல்பாதியை ஒரு வெள்ளைத்தாள் மறைத்திருந்தது, அதை ஒரு கிளிப் கவ்வியிருந்தது. சாப்பிட்டவர்கள் பெயரை எழுதிவைப்பது எங்கள் ஊர் மரியாதை, ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றேன். சாப்பிட உட்கார்ந்த அலுவலக ஆட்கள் ஒன்பது பேரும் போட்டார்கள். ஒப்லீத்தாஸ் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் பெரிய சுழியோடு போட்டார். வங்கிக்காரர்களிடம் நான் நீட்டவில்லை. அவர்கள் எங்களுக்குச் சோறு போட்டவர்கள் இல்லை, அவர்களோடு எங்களுக்குக் கணக்கு எதுவும் கிடையாது.

பிறகு கிளிப்பை எடுத்துவிட்டு மேலே இருந்ததைச் சத்தமாகப் படித்தேன். கலாபம்பா நர்ஸ் பணியிடம் தொடர வேண்டும் என்றும், அதை ரத்து செய்த கடிதம் செல்லாது என்றும், கீழே கையொப்பமிட்டுள்ள சீர்திருத்த அலுவலகத்தார் மனதார ஒப்புக்கொள்கிறார்கள்.

ஒப்லீத்தாஸ் வாயிலிருந்த கோழியை விழுங்காமலே எழுந்தார்.

"இது மோசடி. நான் சாப்பாட்டுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். சோத்துக்குப் போட்ட கையெழுத்து எப்படிச் சம்மதம் ஆகும்?"

நான் பேனாவைத் திறந்தேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார். நிதானமா சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம எழுதிக்கிறேன்."

அவர் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதினேன், நாற்பத்தாறு பேர் காதிலும் விழுந்திருக்கிறதே. நரைமுடிக்காரி எழுந்து வந்து, ஊர்க்காரர்கள் போட்ட பட்டியலைக் காட்டுங்கள் என்று ஒப்லீத்தாஸிடம் கை நீட்டினாள். கோப்பு வந்தது. மேலே மடித்த தடம் காகிதத்தில் அப்படியே இருந்தது. அவள் அந்த மடிப்பின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். ஒப்லீத்தாஸ் விடவில்லை. இவர்கள் பொய் சொல்கிறார்கள், நாற்பத்தேழு பேரும் தலைப்பைப் படித்துவிட்டுத்தான் போட்டார்கள் என்றார்.

வந்த வேலையில் பாதி முடிந்துவிட்டது, மீதியை நரைமுடிக்காரியே பார்த்துக்கொள்வாள் என்று நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த மனிதர் நாற்பத்தேழு என்று சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"நாப்பத்தேழு இல்ல, நாப்பத்தாறு. கடைசிப் பேரு என் மக பேரு. அவ அன்னைக்கு இங்க வரவே இல்ல. கோழிக்கு ஆசைப்பட்டு நான் போட்ட பொய்க் கையெழுத்து அது. வயித்துல பிள்ளை குறுக்க கிடக்கிறவ, நர்ஸ் வேணாம்னு எழுதுவாளா? நீங்களே சொல்லுங்கம்மா. நாங்க வாங்காத கடனுக்கு எங்க நர்ஸைத்தான் விலையாக் கேப்பீங்களா?"

என் ஊர்க்காரர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. செவேரோவின் தடி தரையில் ஒருமுறை தட்டியது மட்டும் கேட்டது. நரைமுடிக்காரி அந்தப் பட்டியலைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, கடிதத்தை இன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒப்லீத்தாஸிடம் சொன்னாள். அவர் என்னருகே வந்து, தான் சொன்னதைப் புத்தகத்தில் அடித்துவிடும்படி கெஞ்சும் குரலில் கேட்டார். எங்கள் புத்தகத்தில் எதையும் அடிப்பதில்லை, பக்கத்தைக் கிழிப்பதும் இல்லை என்றேன். முத்திரையை எச்சில் தொட்டு அழுத்திக் குத்தினேன். அதுதான் நான் குத்திய கடைசி முத்திரை.

ஊர் திரும்பியதும் புத்தகத்தையும் முத்திரையையும் செவேரோவிடம் கொடுத்துவிட்டேன். பொய்க் கையெழுத்துப் போட்டவளுக்கு என்ன தண்டனை என்று கூட்டத்தில் நானே எழுந்து கேட்டேன். இருநூறு மண்கல், அதுவும் சுகாதார நிலையத்துக்கு என்றார்கள். பிரசவ அறை ஒன்று கட்டப்போகிறார்களாம்.

கடன் தள்ளுபடியாகிவிட்டது என்று போன வாரம் ரேடியோவில் சொன்னார்கள். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை, கோழியும் தரவில்லை. நேற்று பசிலியா வந்து, பிள்ளை தலைகீழாகத் திரும்பிவிட்டது, இன்னும் பத்து நாள்தான், கொஞ்சம் வேகமாக மிதியுங்கள் அக்கா என்றாள். மிதித்துக்கொண்டிருக்கிறேன்.