சுற்றுலா வந்த நிமியா

பராகுவேக்காரர்கள் ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போக விசா வேண்டாம். நிமியாவின் ஊரான காகுவாசுவில் இதைச் சொல்லும்போதே எல்லோருக்கும் ஒரு மிதப்பு வந்துவிடும். விசா வேண்டாம் என்பதற்கும் உள்ளே விடுவார்கள் என்பதற்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டும் அதற்குள் ஒரு போலீஸ்காரரும் இருப்பதைத்தான் யாரும் சொல்லித் தொலைப்பதில்லை.

ஸ்பெயினில், மத்ரித் விமான நிலையத்தில் அந்தக் கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள் நிமியா. அறுபதை நெருங்குகிறவள். தேவாலயப் பூசைக்கு உடுத்தும் நீல உடை கசங்கிவிடக் கூடாதென்று வழி முழுக்கச் சாயாமலே உட்கார்ந்து வந்திருந்தாள். வெளியே அவளுடைய ஒரே மகள் மிர்தா காத்திருந்தாள், நிறைமாதக் கர்ப்பிணியாக. மிர்தாவும் இதே வாசல் வழியாகச் சுற்றுலா வந்தவள்தான். வந்தவள் திரும்பவில்லை. குடியிருப்பு அனுமதி இல்லாமலே, முதியவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலையில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் அப்பன் போன இடம் தெரியவில்லை. பிரசவத்துக்குத் துணை அம்மா ஒருத்திதான்.

மகள் வீட்டில் தங்குவதென்றால், மகள் போலீஸில் எழுதி வாங்கிய அழைப்புக் கடிதம் வேண்டும். அனுமதியே இல்லாதவள் போலீஸ் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பாள்? அதனால் ஒரு ஹோட்டல் அறையைப் பதிவு செய்துவிட்டு, தினமும் போனில் அம்மாவுக்குப் பாடம் நடத்தினாள்.

"அம்மா, என் பேரை மட்டும் எடுத்துடாதே. எடுத்தா என்னையும் சேர்த்துப் பிடிச்சு அனுப்பிடுவாங்க. நீ ஊர் சுத்திப் பாக்க வந்தவ, அவ்வளவுதான்."

நிமியா பாடத்தை நன்றாகவே ஒப்பித்தாள்.

"என்னென்ன பாக்கப் போறீங்க, அம்மா?" என்றார் போலீஸ்காரர்.

"பிராதோ மியூசியம். அரண்மனை. ரெத்திரோ பூங்கா."

"மியூசியத்துல எதைப் பாப்பீங்க?"

"எல்லாத்தையும்தான், ஐயா. இவ்வளவு தூரம் வந்துட்டு பாதியையா பாத்துட்டுப் போவேன்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டே, "இங்க தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்றார்.

"ஒரு ஈ காக்கா கூட இல்லீங்க!"

கேள்வி முடிவதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது. எடுத்த முத்திரையை அவர் குத்தாமலே கீழே வைத்தார். போலீஸ்காரரின் கண் அவள் தோளில் பிதுங்கிக்கொண்டிருந்த பைமேல் போனது. "கொஞ்சம் அந்த ரூமுக்கு வாங்க," என்றார்.

இந்தப் பையைப் பற்றி மிர்தாவின் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. ஊரில் ஒருத்தி மத்ரித் போகிறாள் என்று தெரிந்தால் போதும், அங்கே பிள்ளைகளை அனுப்பிய தெருவே பொட்டலத்தோடு வந்து நிற்கும். நிமியாவால் முடியாது என்று சொல்ல முடியுமா? எதிர்வீட்டு செஃபெரீனா முகத்தில் அடித்தாற்போல் கேட்டாளே: "நீ மட்டும் மகளைப் பாக்கப் போற, நாங்க பெத்ததெல்லாம் பிள்ளைங்க இல்லையா அக்கா?"

போலீஸ்காரர் பொட்டலங்களை மேஜையில் பரப்பினார். மரவள்ளி மாவு, டீ போல ஊறவைத்துக் குடிக்கும் மாத்தே இலை, கஷாயத்துக்கு வேர். ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் பெயர். 'வில்மாருக்கு.' 'என் தங்கம் கிளாடிஸுக்கு, வெறும் வயிற்றில் குடி.'

"ஈ காக்கா இல்லாத ஊர்ல இத்தனை பேருக்கு வயித்து வலியா, அம்மா?"

நாசமாய்ப் போகிற பொட்டலங்கள்! செஃபெரீனாவைத் திட்டுவதா, தன்னையே திட்டிக்கொள்வதா என்று நிமியாவுக்குத் தெரியவில்லை. பையின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் கம்பளிச் சட்டை வந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் மட்டும் பெயர் இல்லை. போலீஸ்காரர் அதை மடித்து ஓரமாக வைத்தார்.

வெளியே போனவர் வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"வெளிய ஒரு பொண்ணு ரகளை பண்ணிட்டிருக்கு. 'எங்கம்மா உள்ள இருக்காங்க, விடுங்க'ன்னு. மிர்தான்னு பேராம். உங்க மகளா?"

பொறுமை என்பதே பிறவியில் கிடையாது இந்தப் பெண்ணுக்கு! நிமியா மனசுக்குள் மகளை வைதாள்.

"ஆமான்னா கூப்பிட்டு விசாரிக்கிறேன். உங்களை விடறதுக்கு அதுல ஏதாவது வழி இருக்கலாம். ஆனா அவளோட பேப்பரையும் பாத்தாகணும்."

நிமியா மஞ்சள் சட்டையைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப்பக்கம், கூப்பிடு தூரத்தில், பெற்ற மகள். ஒரு தடவை அவள் முகத்தைத் தொட்டால் போதும் போலிருந்தது.

"எனக்கு மகளே கிடையாது, ஐயா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். அது யாரோ என்னவோ." சட்டையை எடுத்து நீட்டினாள். "பாவம், இதை அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துடுங்க. நிறைமாசத்துல இப்படிக் கத்தக் கூடாதுன்னு சொல்லுங்க. குழந்தைக்கு ஆகாது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கர்ப்பிணி என்று அவர் சொல்லவே இல்லையே! அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ்காரர் சட்டையை வாங்கிக்கொண்டார். கதவுவரை போனவர் திரும்பாமலே சொன்னார்.

"அடுத்த விமானத்துல நீங்க ஊருக்குப் போகணும், அம்மா. மகள் இல்லைன்னே எழுதிக்கிறேன்."

அதைக் கேட்டதும் நிமியாவுக்கு அழுகை வெடித்தது.