தெர்ஸா சாத்திய கதவு

என் தங்கை தெர்ஸா பிறந்த அன்றே எனக்குரிய ஒன்றை எடுத்துக்கொண்டாள். அவள் பெயர் அப்பாவின் அம்மாவுடையது. மூத்தவளான எனக்கு வந்திருக்க வேண்டிய பெயர். ஆனால் நான் பிறந்த வாரம் அம்மா ஏதோ பத்திரிகைக் கதையில் மயங்கிப்போய் எனக்கு மூரியல் என்று வைத்துவிட்டாள். ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருக்கும் எங்கள் ஹார்கில் கிராமத்தில் அப்படியொரு பெயர் வேறு யாருக்கும் கிடையாது. கடைக்கு வந்த புதுச் சோப்பைப் பார்ப்பது போலத்தான் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பெயரோடு நின்றிருந்தால் நான் பொறுத்திருப்பேன். எனக்குப் பதினொன்று, அவளுக்கு ஒன்பது ஆன வருடம் ஜெஸ்ஸும் அவளுடையதாகிவிட்டது.

ஜெஸ் எங்கள் ஆடு மேய்க்கும் நாய். குட்டியாக வந்தபோது என் விரலைப் பாலில் தோய்த்து ஊட்டி வளர்த்தவள் நான். தெர்ஸாவுக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அந்தச் சந்தில் நாக்கை வைத்து அவள் ஒரு நாள் விளையாட்டாகச் சீட்டி அடித்தாள். முற்றத்தின் அந்தக் கோடியில் படுத்திருந்த ஜெஸ் எழுந்து, வட்டமடித்து ஓடி, எங்கள் வாத்துகளை அழகாகச் சுவரோரம் சேர்த்து நிறுத்தியது. அப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். மறுநாள் மலைக்குப் போகும்போது, "வா புள்ள" என்றார். என்னைப் பார்த்து அல்ல.

நான் துணி துவைக்கும் அறையில் ஒளிந்துகொண்டு சீட்டியடித்துப் பழகிப் பார்த்தேன். எச்சில்தான் வந்தது. "நானும் வர்றேம்ப்பா" என்று இரண்டு முறை கேட்டேன். "அம்மாவுக்கு ஒத்தாசையா இரு" என்றார் இரண்டு முறையும்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை ஆடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்கும் நாள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் கை கொடுக்க வந்திருந்தார்கள். மலைமேலிருந்து அறுபது பெண்ணாடுகளையும் தெர்ஸா ஜெஸ்ஸை வைத்தே இறக்கிக் கொண்டுவந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. பக்கத்துப் பண்ணை ஜெப் பீகாக் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "ஏய் கிட், உனக்கு ஆம்பளப் புள்ள இல்லேன்னு எவன்யா சொன்னான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பெரியவ என்ன பண்றா?" என்றார் ஜெப்.

"அவ உள்ளதான் இருப்பா."

நான் உள்ளே இல்லை. டீ கேனையும், மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட பலகாரத்தையும் தூக்கிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். யார் துணையும் இல்லாமல் நான் முதன்முதலாகச் செய்த பலகாரம் அது. பன்றிக்கறியும் முட்டையும் வைத்தது. பதினோரு பேர் தின்றார்கள். யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் பெண்ணாடுகளைக் கீழ்வயலில் விட்டார்கள். அதை ஒட்டிய சின்ன வயலில் இரண்டு கிடாக்கள் இருந்தன. நடுவே கற்சுவர், அதில் ஒரு மரக்கதவு.

"கொண்டி போட்டியா புள்ள?" என்று அப்பா கேட்டார்.

"போட்டேம்ப்பா" என்றாள் தெர்ஸா.

கோழிகளை அடைக்க நான் வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கோழிக் கூட்டிலிருந்து அந்தக் கதவுக்கு முப்பது தப்படி இருக்கும். நடந்துபோய்க் கொண்டியைத் தூக்கிவிட்டேன். கதவைத் தள்ளவில்லை. நான் எதையும் திறக்கவில்லை, கொண்டியைத்தான் எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே வந்து உருளைக்கிழங்கு உரித்தேன்.

காலையில் அப்பா போட்ட சத்தத்தில் அம்மா கையிலிருந்த தட்டை விட்டுவிட்டாள். கிடாக்கள் இரண்டும் பெண்ணாடுகளுக்கு நடுவே ராஜா மாதிரி உலாத்திக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் நவம்பரில்தான் கிடாக்களைச் சேர்த்துவிடுவோம். அப்போதுதான் ஏப்ரலில், புல் முளைக்கும் நேரத்தில், குட்டிகள் விழும். இப்போது எத்தனை ஆடு சினை பிடித்ததோ, எந்தெந்த ஆடோ, யாருக்குத் தெரியும்? அப்பா விரல் விட்டு எண்ணினார். "மார்ச் பொறந்ததும்," என்றார். "பனியில."

"நான் கொண்டி போட்டேம்ப்பா," என்றாள் தெர்ஸா.

"அப்போ கிடாவுக்குக் கை மொளச்சுதா?"

"சத்தியமா போட்டேன்!"

"செஞ்சது தப்பு. அதோட பொய் வேற சொல்லாத. நீ இனிமே மலைக்கு வரவேணாம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "மூரியல், பூட்ஸ் போட்டுக்கிட்டு வா."

நான் நினைத்தது நடந்துவிட்டது. அன்று மலையேறும்போது நெஞ்சு அப்படிக் குதித்தது. அந்தச் சந்தோஷம் அன்று மத்தியானம் வரைதான். ஜெஸ் என்னைப் பார்க்கும், வீடு இருக்கும் திசையைப் பார்க்கும், உட்கார்ந்துவிடும். அப்பாதான் சீட்டியடித்து அதை எழுப்ப வேண்டும். "பரவால்ல, போகப்போக வரும்" என்று என்னிடம் மெதுவாகச் சொல்வார். தெர்ஸாவிடம் அவர் ஒருபோதும் அப்படிப் பேசியதில்லை. "எருமை, இடது பக்கம்னா இடது பக்கம்!" என்று கத்துவார். சமமான ஆளிடம்தான் அப்படிக் கத்த முடியும் என்று அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் புரிந்தது. அவள் வாங்கிய திட்டுகளின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

தெர்ஸா வீட்டில் ரொட்டியைக் கருக்கினாள், பாலைப் பொங்கவிட்டாள். கூடவே புதுப் பழக்கம் ஒன்று அவளுக்கு வந்தது. எந்தக் கதவைச் சாத்தினாலும் திரும்பிப் போய்த் தொட்டுப் பார்ப்பாள். கோழிக்கூடு, கொட்டில், பள்ளிக்கூட அலமாரி எல்லாவற்றையும். பத்தடி நடந்துவிட்டு மறுபடி போவாள். பிள்ளைகள் கேலி செய்தார்கள். நான் கேலி செய்யவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மார்ச் முதல் தேதி சனிக்கிழமை. விடியும்போது பனி முழங்கால் வரை கிடந்தது. நானும் அப்பாவும் கீழ்வயலுக்குப் போனபோது சுவரோரம் ஓர் ஆடு நின்று முனகிக்கொண்டிருந்தது. அதன் காலடியில் கிடந்த குட்டி விறைத்துப்போயிருந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று, அதுவும் அப்படியே. காற்று பனியை வாரி வாரி இறைத்தது. மற்ற ஆடுகள் எங்கே என்று தெரியவில்லை. அப்பா இறந்த குட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "ஜெஸ்ஸ அந்தப் பக்கம் அனுப்பு" என்றார். உதட்டைக் குவித்தேன். ஒன்றும் வரவில்லை. ஜெஸ் என் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

"போய் தெர்ஸாவக் கூட்டிக்கிட்டு வா," என்றார்.

அந்த நேரத்திலும், செத்த குட்டிகளைப் பார்த்துக்கொண்டே, எனக்கு வயிறு எரிந்தது.

அப்பாவின் பழைய கோட்டைச் சணல் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டு தெர்ஸா வந்தாள். ஒரே சீட்டி. ஜெஸ் பாய்ந்து ஓடி மேற்குச் சுவரடியில் பனியைப் பறித்தது. உள்ளே மூன்று ஆடுகள் புதைந்திருந்தன. ஒன்று குட்டி போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் கை பெரியது, உள்ளே போகவில்லை. தெர்ஸா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மண்டியிட்டாள். முதல் குட்டி உயிரோடு வந்தது, இரண்டாவதும் வந்தது, ஆடு செத்துப்போனது. மொத்தம் ஐந்து ஆடுகள் குட்டி போட்டிருந்தன, ஆறு குட்டிகள். பிழைத்தவை அந்த இரண்டுதான்.

அடுப்பங்கரையில் அடுப்பின் வாயைத் திறந்துவைத்து, தெர்ஸா ஒரு குட்டியைச் சாக்கால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பால் காய்ச்சினாள். அப்பா கதவோரம் நின்றார்.

"நான் போட்டேன்னுதாம்ப்பா நெனச்சேன்," என்றாள் தெர்ஸா குட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா போடல போல. இப்ப யோசிச்சா எனக்கு ஞாபகமே இல்ல. நாலும் என்னாலதான் செத்துச்சு."

அவள் அழவில்லை. ஒத்துக்கொள்கிற குரலில் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அவ போட்டா," என்றேன். "நான்தான் போய் எடுத்துவிட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் போய்க் கையைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய கைதான். துடைக்காமலே வெளியே போய்விட்டார்.

"எதுக்குடீ?" என்றாள் அம்மா.

"அவர் அவளையே கூட்டிக்கிட்டுப் போறார். நான் வீட்லயே கெடக்கேன்."

அம்மா பால் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். "அப்போ எங்கூட இருக்கறது உனக்கு அவ்ளோ கேவலமா இருந்துச்சா?" என்றாள். அன்று நான் வாங்கியிருக்கக்கூடிய எந்த அடியும் அவ்வளவு வலித்திருக்காது.

தெர்ஸா ஈஸ்டர் வரை என்னோடு பேசவில்லை. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். ஈஸ்டர் திங்கட்கிழமை, ஓடையில் வாளி கழுவும்போது திடீரென்று கேட்டாள்.

"எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன், தெரியுமா? நான் செஞ்சத நானே நம்ப முடியாமப் போச்சு. நீ பாத்துக்கிட்டேதானே இருந்த?"

"ஆமா."

"மலைக்கு வரணும்னா கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். அப்பா ரெண்டு தடவ வேணாம்னுட்டார்."

"அவர்ட்ட இல்ல. எங்கிட்ட."

உன்னிடமா என்று நினைத்தேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவளிடம் போய்க் கேட்பதைவிட அந்தக் கொண்டியைத் தூக்குவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அவள் வாளியைக் கவிழ்த்துவைத்து, "நாளைக்கு வர்றியா?" என்றாள்.

"வரல."

தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். மறுநாள் காலை அப்பாவும் அவளும் ஜெஸ்ஸும் மலையேறுவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். குற்றத்தைச் சொல்லிவிட்டால் பொறாமையும் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது போகவில்லை. முன்பாவது அவள்மேல் ஏதாவது குறை கண்டுபிடிக்க முடிந்தது. இப்போது அதற்கும் வழியில்லை.

பதினாறு வயதில் நான் ரிச்மண்டில் ஒரு ரொட்டிக் கடைக்கு வேலைக்குப் போனேன். பிறகு அந்தக் கடையையே நடத்தினேன். நன்றாகத்தான் வாழ்ந்தேன். ஹார்கில் பண்ணை தெர்ஸாவுக்கு வந்தது. அவள் வளர்த்த கிடாக்கள் பள்ளத்தாக்கு முழுவதும் பேர் வாங்கின. சந்தை நாளில் கடைக்கு வரும் பண்ணைக்காரர்கள் என் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க தெர்ஸா கால்வர்ட்டோட அக்காதானே?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் ஒன்று சுருக்கென்று குத்தும். ரொட்டியைப் பொட்டலம் கட்டியபடியே, "ஆமா," என்பேன்.