பதினொரு வீட்டு இலந்தை

றஹ்மத் உம்மா கிணற்றடியில் குந்தியிருந்து இலந்தை இலைகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இலந்தை இலையின் அடிப்பக்கம் எப்போதும் வெளுப்புத்தான். இப்போது மேற்பக்கத்திலும் கோதுமை மாவைத் தூவியதுபோல வெள்ளை படர்ந்திருந்தது. அடுத்த தெருவில் யாஸீன் ஓதும் சத்தம் கேட்டது. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கண்மூடி மௌத்தாகிய சவுதா உம்மாவை லுஹர் தொழுகைக்கு முன்னால் குளிப்பாட்ட வேண்டும். கண்டக்குழி ஊரில் பெண் மையத்துகளைக் குளிப்பாட்டுவது றஹ்மத் உம்மாதான். அந்தத் தண்ணீரில் போடும் இலையும் அவளுடைய வளவில் நிற்கும் பழைய மரத்தில்தான் பறிப்பார்கள்.

மையத்தைச் சுற்றும் கபன் துணியைக் கொடுத்துவிட்டுப் போக வந்த அபூசாலி போகாமல் நின்றார்.

"ராத்தா, நானும் துடைக்கட்டா?"

"கை சுத்தமா?"

"ஒளுவோடதான் இரிக்கன்."

"அப்ப குந்துங்க தம்பி. ஆம்பிள ஒருத்தர் இல துடைக்கிறத இண்டைக்குத்தான் பாக்கிறன். மழதான் வரப்போவுது."

அவர் சிரிக்கவில்லை. ஓர் இலையை எடுத்தார். துணியில் வெள்ளை ஒட்டியது. இலையில் மங்கிய பழுப்புத் தழும்பு மிஞ்சியது.

மூன்று வருடங்களுக்கு முன் அபூசாலி கண் ஒப்பரேசனுக்காக இந்தியாவில் மதுரைக்குப் போயிருந்தபோது, தங்கியிருந்த வீட்டு வளவில் வாத்து முட்டை அளவு இலந்தைக் காய்களைக் கண்டார். ஆறு கம்புகளை வெட்டி, ஈரத் துவாயில் சுற்றி, மகளுக்கு வாங்கிய சேலைகளுக்கு நடுவில் வைத்தார். விமான நிலையத்தில் செடி, விதை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். நல்ல காரியத்துக்காகச் சொன்ன சின்னப் பொய் என்று அப்போது தோன்றியது. ஊர்க்கன்றுகளில் ஒட்டுப்போட்டதில் பதினொன்று பிடித்தன. ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பத்து வீடுகளுக்கு விலை வாங்காமல் ஸதக்காவாகக் கொடுத்தார். கப்பாத்துக் காலத்தில் தானே மரம் அறுக்கும் வாளோடு வீடு வீடாகப் போய்க் கொப்பு வெட்டியும் கொடுத்தார். காய்க்கிற காலமெல்லாம் அவருக்கு நன்மை எழுதப்படட்டும் என்று பெண்கள் துஆச் செய்தார்கள். அந்த துஆக்கள் அவருக்கு இனித்தன.

முதலில் வெள்ளை கண்டது அவருடைய மரத்தில்தான். கடற்காற்றின் உப்பு என்று நினைத்தார். றஹ்மத் உம்மாவின் மரத்திலும் கண்டபோது, "உப்புப் படிஞ்சிரிக்கி ராத்தா, மழைக்குப் போயிரும்" என்று அவளுக்கும் சொன்னார். மழை வந்தது. வெள்ளை போகவில்லை. போன கிழமை விவசாயப் போதனாசிரியர் பிரியதர்சினி வந்து இலையைப் பார்த்தார். "இது உப்பில்லை ஐயா, பூஞ்சணம். காத்தோடயும் பரவும். ஆராவது வெளியில இருந்து கம்பு, கன்று கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டார். ஊரார் எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். "தெரியாது மிஸ்" என்று எல்லோருக்கும் முந்திக்கொண்டு சொன்னது அபூசாலிதான். அன்றிலிருந்து தொழுகையில் ஸுஜூதில் நெற்றி வைக்கும்போதெல்லாம் அந்த இரண்டு சொற்களும் முன்னால் வந்து நின்றன.

"ராத்தா, இந்த வெள்ள நான் கொண்டு வந்தது."

அவளுடைய கை நின்றது.

"அந்த ஒட்டுக்கம்பு இந்தியாவில இருந்து ஒளிச்சிக் கொண்டு வந்தன். ஏயார்போட்டில கேட்டாங்க, பொய் சொன்னன். மிஸ்ஸுக்கிட்டயும் பொய் சொன்னன்."

றஹ்மத் உம்மா அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். நுனித் துளிர்கள் சுருண்டிருந்தன. பிஞ்சுகள் நிலத்தில் உதிர்ந்து கிடந்தன. அவளுடைய உம்மாவுக்கும், இரண்டு வயதில் போன மகளுக்கும் இந்த மரத்து இலைதான்.

"மரம் சாகுமா?"

"தெரியாது. என்ட ஒட்டு மரங்கள வெட்டி எரிச்சி, இதுக்குக் கந்தகம் அடிச்சாத் தப்பலாம் போல."

"பதினொரு வூட்டுலயும் வெட்டோணும்?"

"ஓம்."

"அப்ப அந்தந்த வூட்டுக்குப் போய்ச் சொல்லுங்க. எனக்கிட்ட மட்டும் சொன்னாக் காணாது." ஒரு பிடி இலையை அவர் பக்கம் தள்ளினாள். "முதல்ல இத முடிப்பம். சவுக்காரம் போட்டும் குளிப்பாட்டலாம்தான். ஆனா சவுதா இந்த இலய ஆசப்பட்டுக் கேட்டவ."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. இருவரும் மீதி இலைகளைத் துடைத்தார்கள்.

அடக்கம் முடிந்த பின், அஸர் தொழுதுவிட்டுத் தன் மரத்தை அடியோடு அறுத்துச் சாய்த்தார். பிறகு அதே வாளோடு நுஸ்ராவின் வீட்டுக்குப் போனார். கணவன் கடலுக்குப் போய் வரும் வீடு. வாசலில் நின்ற ஒட்டு மரம் முதல் தடவையாகக் காய்த்திருந்தது.

"வாங்க மாமா! இப்பதான் நினைச்சன்." தோளில் வாளைக் கண்டதும் அவளுடைய முகம் மலர்ந்தது. "கப்பாத்துப் பண்ண வந்தீங்களா? பாருங்களேன், பெருங்காய் பெருங்காயா... பள்ளி விட்டா புள்ளைங்க வேலிய விட்டுப் போகவே மாட்டாங்க."

"நுஸ்ரா, நான் ஒண்டு சொல்லோணும்..."

"சொல்லுங்க, சொல்லுங்க. முதல்ல எந்தக் கொப்பெண்டு காட்டுங்க, நான் புடிக்கிறன்."

அவள் எட்டி, காய் நிறைந்த ஒரு கொப்பை வளைத்து, முள் குத்தாமல் முந்தானையைச் சுற்றி இரண்டு கைகளாலும் அவருக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாரத்தில் கொப்பு நடுங்கியது. இலைகளிலிருந்து மெல்லிய வெண்தூள் எழும்பி, மாலை வெயிலில் மினுங்கி, அவளுடைய தலைக்கு மேலாகக் காற்றோடு அடுத்த வேலியைத் தாண்டிப் போனது.