எடுக்காவிட்டால் கட்டணமில்லை

தம்பி,

உன் கடிதம் வந்து பதினோரு வாரமாகிறது. எந்தக் கடிதத்துக்கும் மூன்றாம் நாள் பதில் போடுகிற அண்ணன் இப்படி வாயடைத்துப் போனானே என்று யோசித்திருப்பாய். அண்ணி போன துக்கம் என்று நீயே சமாதானம் சொல்லிக்கொண்டும் இருப்பாய். அதுவும் உண்டு. ஆனால் தாமதத்துக்குக் காரணம் நீ கேட்ட கேள்விதான்.

"பையனுக்குப் பதினாலு முடிஞ்சிடுச்சு. ஒரு பேங்க் கார்டு வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன். நம்ம வக்கீலுக்கு நீங்க எடுத்தது எது? கட்டணம் குறைச்சலா இருக்கணும். நீங்க பார்த்து எடுத்ததுன்னா அதுக்கு மேல அப்பீலே கிடையாது" என்று எழுதியிருந்தாய். பதில் சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்ல வரும். பொறுமையாகப் படி.

போன வருஷம் உன் அண்ணிக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, மாதத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி என்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி ஊரின் ஒரு கோடி, நம் வக்கீல் பொண்ணின் பள்ளிக்கூடம் மறு கோடி. நானோ காலையில் ஜீப்பில் ஏறினால் எந்தச் சந்தையில், எந்தக் கிடங்கில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் பஸ் பிடித்து அம்மாவிடம் போக வேண்டும், வழியில் ஏதாவது சாப்பிட வேண்டும், மருந்துச் சீட்டு கொடுத்தால் வாங்கி வர வேண்டும். அண்ணி வீட்டில் இருந்தவரை இதற்கெல்லாம் பொத்தான் டப்பாதான். தையல் மிஷின் மேல் இருக்குமே, அந்தத் தகர டப்பா. மேலே பொத்தான், அடியில் பணம். அம்மாவும் பொண்ணும் வேண்டியதை எடுப்பார்கள், மிஞ்சியதைப் போடுவார்கள். கணக்கு வழக்கு கிடையாது. நான் ஒரு தரம் எண்ணிப் பார்த்ததற்கு, "பொத்தானையும் எண்ணிடுங்க, பாவம் அது மட்டும் ஏன் விட்டுப்போகணும்" என்றாள் உன் அண்ணி.

டப்பா பணத்தை ஒரு நாள் வக்கீல் பள்ளிக்கூடத்தில் பையோடு தொலைத்தாள். அன்று ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் வாசலிலேயே ஆறு மணி வரை நின்றிருக்கிறாள். அன்றைக்கு முடிவு செய்தேன். எப்போது வேண்டுமானாலும் அவள் அம்மாவிடம் போய்ச் சேர வேண்டும், அதற்குத் தொலையாத பணம் வேண்டும். அந்தக் கார்டு எதற்காக என்று யாராவது கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

என் வேலை என்னைப் பிடித்த பேய். கடைக்காரன் தராசை வைத்து நம் சர்க்கார் எடைக்கல்லைப் போட்டுப் பார்ப்பது. சரியாக இருந்தால் முத்திரை, இல்லையென்றால் "பயன்படுத்தாதீர்" என்று சிவப்புச் சீட்டு. நடுவில் ஒன்றும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்கிறவன் கார்டையும் அப்படித்தானே பார்ப்பான்? ஆறு கார்டுகளை எடுத்துக்கொண்டேன். பெரிய தாளில் கட்டம் போட்டேன். வருஷக் கட்டணம், மாதக் கட்டணம், பணம் ஏற்றினால் என்ன, சும்மா வைத்திருந்தால் என்ன, தொலைந்தால் புதுசுக்கு என்ன. ஒவ்வொரு கவுன்ட்டரிலும் நின்று கேட்டேன். ஆறாவது கார்டின் பொடி எழுத்தை எடைக்கல் முத்திரை பார்க்கிற பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது. ஒரு கவுன்ட்டர் பெண் சொன்னாள்: "சார், மத்தவங்க கார்டு நீலமா பச்சையான்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க. நீங்க எங்க மேனேஜருக்கே தெரியாததைக் கேக்கறீங்க." பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தாளைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். உன் அண்ணி பக்கத்துக் கட்டில்காரியிடம், "தராசு வந்தாச்சு, யாரும் மூச்சைக் கூடக்குறைய விடாதீங்க" என்றாள். அவளுக்கே அப்போது மூச்சு அளந்துதான் வந்துகொண்டிருந்தது.

கட்டிலின் மேல் தாளை விரித்தேன். வக்கீலும் வந்து உட்கார்ந்தாள். உன் அண்ணி ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இது நல்லா இருக்கே. எந்த மெஷின்ல எடுத்தாலும் காசு பிடிக்க மாட்டானாமே."

"மாசாமாசம் கட்டணம் இருக்கு. வருஷத்துக்குக் கணக்குப் போட்டா ஒரு ஜோடி செருப்பு."

"போகட்டுமே ஒரு செருப்பு. கார்டு கார்டுதாங்க, காசு காசுதான். பிள்ளைக்குக் கையில காசு வேணும்."

"அஞ்சாவதைப் பாரு. மாசத்துக்கும் இல்ல, வருஷத்துக்கும் இல்ல. ஏ.டி.எம்.ல பணம் எடுத்தா மட்டும் ரெண்டு டீ விலை பிடிப்பான். எடுக்காம இருந்தா எல்லாமே சும்மா."

"அப்ப எடுக்கவே கூடாதுங்கறீங்க."

"எதுக்கு எடுக்கணும்? பஸ்ல கார்டு, கடையில கார்டு, மருந்துக்கு கார்டு."

உன் அண்ணி என்னைப் பார்த்தாள், பொண்ணைப் பார்த்தாள். "வக்கீலே, உன் கட்சி என்ன?" என்றாள்.

உனக்குத்தான் தெரியுமே, ஏழு வயசில் உன்னோடு ஒரு மணி நேரம் வாதாடி நீ வைத்த பெயராயிற்றே. கார்டின் நிறத்துக்கு வாதாடினாள். வாரத்துக்கு எவ்வளவு என்பதற்கு வாதாடினாள். அவள் செலவு செய்யும்போதெல்லாம் என் போனுக்குச் செய்தி வரும் என்றதும் கொதித்துவிட்டாள். "நான் என்ன கைதியாப்பா? ஒரு பென்சில் வாங்கினாக்கூட உங்களுக்குத் தந்தியா?" அதில் அவள் ஜெயித்தாள். கட்டணம் பிடித்தால் மட்டும் எனக்குச் செய்தி, மற்றதற்கு இல்லை என்று தீர்ப்பானது. ஏ.டி.எம். விஷயத்தில் மட்டும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிப்பா" என்றாள். எல்லாவற்றுக்கும் வாதாடுகிறவள் இதற்கு ஏன் வாதாடவில்லை என்று அன்றே யோசித்திருக்க வேண்டும். அப்பாவுக்கு ஒன்றையாவது விட்டுக்கொடுப்போம் என்று நினைத்திருப்பாள்.

கார்டு வந்தது. நான் செய்ததைக் கேள். பையிலிருந்த சிவப்புச் சீட்டில் ஒரு துண்டு வெட்டி, அதன் மேல் "ஏ.டி.எம்.மில்" என்று பொடியாக எழுதி, கார்டின் பின்புறம் ஒட்டினேன். ஏ.டி.எம்.மில் பயன்படுத்தாதீர். வக்கீல் சிரித்தாள். "கார்டுக்கே முத்திரை போட்ட ஒரே அப்பா நீங்கதான்."

ஐந்து மாதம் என் போனுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. அதை ஆபீசில் சொல்லாத ஆள் கிடையாது. டிரைவர், டைப்பிஸ்ட், டீ கொண்டுவருகிறவர், எல்லோரும் என் கார்டு கதை கேட்டார்கள். "அஞ்சு மாசம், பிடித்தம் பூஜ்யம்!" வீட்டுக்கு யார் வந்தாலும் வக்கீலை வைத்துக்கொண்டே இதைச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்து சிரிப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். மதியம் ஒன்று பத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஒரு தானியக் கிடங்கில் லாரி எடைமேடைக்கு அடியில் குனிந்திருந்தேன், போன் ஜீப்பில் கிடந்தது. உடனே பள்ளிக்கூடத்துக்குப் போன் போயிருக்கிறது. மதிய இடைவேளை. "அம்மாவுக்கு மூச்சு முட்டுதாம், உடனே கிளம்பும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு ஐம்பது. உன் அண்ணி போனது இரண்டு இருபத்தைந்துக்கு. நான் வந்தபோது நாலு மணி.

இரண்டு மணி வரை அண்ணிக்கு நினைவு தெளிவாக இருந்தது என்று நர்ஸ் சொன்னாள். "வக்கீல் வந்தாச்சா, வக்கீல் வந்தாச்சான்னு மூணு தடவை கேட்டாங்க சார். ஏதோ உயில் எழுதப்போறாங்கன்னு நினைச்சேன்." அந்தக் கூட்டத்திலும் நான் சிரித்துவிட்டேன். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டாய், ஞாபகம் இருக்கிறதா? அழுகிறேன் என்று நினைத்தாய்.

பஸ் தாமதம், ரோடு தோண்டிப் போட்டிருந்தது, விதி என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. கட்டணங்களைச் சரியாக எழுதி அனுப்ப வேண்டுமே என்று, கருமாதிக்கு அப்புறம் பிரிக்காமல் போட்டிருந்த கார்டு ஸ்டேட்மென்ட் கவரைப் பிரித்தேன். கடைசியில் "மொத்தக் கட்டணம்: 0" என்று இருந்தது. அதைப் பார்த்து ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், தம்பி. மறைக்க மாட்டேன். அதற்கு மேல் ஒரு வரி இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை. மதியம் ஒன்று இருபத்திரண்டு. ஏ.டி.எம். பணமெடுப்பு: ரத்து செய்யப்பட்டது.

வக்கீல் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினேன். பார்த்ததும் குழாயை மூடினாள்.

"வாசல்ல ஒரு டாக்சி நின்னுச்சுப்பா. ஏறப் போனேன். கார்டெல்லாம் வாங்கறதில்லம்மா, கையில காசு வேணும்னார். ஸ்கூல் வாசல்லயே மெஷின் இருக்கு. கார்டைப் போட்டேன். இதுக்குக் கட்டணம் உண்டு, தொடரவான்னு கேட்டுச்சு."

"அப்புறம்?"

"இல்லைன்னு அழுத்திட்டேன்."

"ஏம்மா?"

கையைத் துடைத்துக்கொண்டாள். "அஞ்சு மாசமா ஒண்ணும் பிடிக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தீங்க. அதை நான் கெடுக்கணுமான்னு... அம்மாக்கு அடிக்கடி முட்டும்தானேப்பா. இன்னிக்கும் சரியாயிடும்னு நினைச்சேன்."

வாட்ச்மேனிடம் கேட்டிருக்கலாம், டீச்சரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யாரிடமும் கை நீட்டாத பழக்கமும் நான் ஒட்டிய சீட்டுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, அந்தப் பள்ளிக்கூட வாசலிலிருந்து அதே நேரத்துக்கு ஒரு டாக்சி பிடித்தேன். இருபத்துநாலு நிமிடம். பணம் எடுத்து ஏற இரண்டு, மாடி ஏற இரண்டு. அம்மாவும் பொண்ணும் சேர்ந்து இருந்திருக்க வேண்டிய நேரம் முப்பத்தைந்து நிமிடம். இரண்டு டீ விலைக்கு. இந்தக் கணக்கை வேறு யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ கேட்டதால்தான் இது வெளியே வந்தது என்று நினைத்து வருத்தப்படாதே. என்றைக்காவது அந்தக் கவரை நான் பிரித்திருப்பேன்.

சிவப்புச் சீட்டை உரித்துவிடப் பார்த்தேன். கடைக்காரர்கள் கிழிக்கக் கூடாது என்றே செய்த பசை அது. பாதி வந்தது, பாதி கார்டோடு நிற்கிறது. வேறு கார்டு மாற்றித் தருகிறேன் என்றேன். "இதுவே இருக்கட்டும்ப்பா" என்றாள். குரலில் வாதம் இல்லை, கோபமும் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

இப்போது என் போனுக்குச் செய்தி வருகிறது. செவ்வாய்க்கிழமைதோறும், மதிய இடைவேளையில், ஒன்று இருபத்திரண்டுக்கு. அந்த மெஷின் தருகிற மிகச் சிறிய நோட்டு ஒன்றை எடுக்கிறாள். கட்டணம் பிடிக்கப்பட்டது என்று வரும். எட்டு வாரமாயிற்று. நோட்டுகள் பொத்தான் டப்பாவில் இருக்கின்றன. எண்ணவில்லை, மூடியைத் திறந்து பார்த்ததோடு சரி. ஏன் என்று அவளைக் கேட்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணிக்கே கல்லையெல்லாம் கீழே வைத்துவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மூன்றாவதை எடு. மாதக் கட்டணம் பிடிப்பான், பிடிக்கட்டும். எந்த மெஷினிலும் சும்மா எடுக்கலாம். பள்ளிக்கூட அடையாள அட்டையின் நகல் ஒன்று, போட்டோ இரண்டு, உன் கையெழுத்து மூன்று இடத்தில். நிறத்தைப் பையனே சொல்லட்டும். படிவத்தின் இரண்டாம் பக்கம் அடியில், கட்டணம் பிடித்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை மட்டும் காலியாக விட்டுவிடு.

அண்ணன்