மூஸா கடையில் வந்த அதே பிழை

நன்னிலத்தில் தஹ்மீனாவின் லேப்டாப்பில் ஜோராக ஓடிய புரோகிராம், தஞ்சாவூரில் பிரகதீஸ்வரியின் கம்ப்யூட்டரில் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

பிரகதீஸ்வரி, அறுவடை மெஷின் வாடகைக்கு விடும் கம்பெனியில் மேனேஜர். தை பிறந்தால் எந்த மெஷின் எந்த ஊருக்கு முதலில் போவது என்று அங்கே தினமும் சண்டை. கதிர் முற்றும் நாளையும் ஊர்களுக்கு இடையிலான தூரத்தையும் பார்த்து வரிசை போட்டுக் கொடுக்கும்படி தஹ்மீனா பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தாள். கணவன் ஜாபிர் ஷார்ஜாவுக்குப் போன பிறகு யூட்யூப் பார்த்துத் தானே கற்றுக்கொண்ட மொழி. இது ஓடினால் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைக்கும்.

பதினோரு மணிக்கு பிரகதீஸ்வரி திரையைப் படம் எடுத்து அனுப்பினாள். புரோகிராம் துணைக்குக் கூப்பிடும் 'தூரம்' என்ற மாட்யூல் இல்லையாம். அது தஹ்மீனாவே எழுதிய கோப்பு. அதை அனுப்பினாள். இப்போது எக்ஸெல் படிக்கும் மாட்யூல் இல்லை என்று வந்தது.

"முதலாளி நாலு மணிக்கு வர்றாருங்க. அதுக்குள்ள ஓடிடுமா?" என்று போனில் கேட்டாள் பிரகதீஸ்வரி.

ஓடிவிடும் என்று தஹ்மீனா சொல்லிவிட்டாள். ஆனால் தன் லேப்டாப்பில் எத்தனை தடவை ஓட்டினாலும் தப்பு தெரியப் போவதில்லை. எப்போதோ போட்ட மாட்யூல்கள், எங்கெங்கோ வைத்த கோப்புகள் எல்லாம் அதற்குத் தெரியும். எதுவுமே தெரியாத ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

பென்டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் மூஸாவின் ஜெராக்ஸ் கடைக்கு நடந்தாள். மூஸா மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டரைக் காட்டினார். பைத்தானை மட்டும் இறக்கி, முதலில் அனுப்பிய கோப்பை அப்படியே ஓட்டினாள். 'தூரம்' இல்லை. அதே பிழை. அவளுக்கு மனசு துள்ளியது. தஞ்சாவூரில் வரும் பிழையை இனி இங்கேயே பார்த்துச் சரிசெய்யலாம்.

'தூரம்' கோப்பைப் புரோகிராம் இருந்த ஃபோல்டரிலேயே வைத்தாள். பிழை மாறியது. வெளியிலிருந்து இறக்க வேண்டிய மாட்யூல்களின் பெயரை ஒரு கோப்பில் எழுதி, ஒரே கட்டளையில் எல்லாம் இறங்கும்படி செய்தாள். பிழை மறுபடி மாறியது. இப்போது 'ஊர்' இல்லையாம். அதுவும் அவள் எழுதிய கோப்புதான்; 'தூரம்' நடுவில் அதைக் கூப்பிடுகிறது என்பதை அவளே மறந்து போயிருந்தாள். நல்லவேளை, அதுவும் பென்டிரைவில் இருந்தது. அதையும் சேர்த்து ஓட்டினாள். திரை நிறைய ஊர்ப்பெயர்கள் வரிசையாக இறங்கின.

ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டாள்.

ஃபோல்டரை மொத்தமாக ஒரே கோப்பாகக் கட்டி, என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வரி எழுதி அனுப்பும்போது மணி மூன்றே கால். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"ஓடுதுங்க," என்றாள் பிரகதீஸ்வரி. "ஆனா குத்தாலம் மட்டும் ரெண்டு தடவை வருது."

"அது என் தப்புதாங்க. பத்து நிமிஷம் குடுங்க," என்றபடி தஹ்மீனா கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தாள்.