பதினெட்டடிக் கயிறும் பெனடிக்கின் நாயும்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் ஊறி வந்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. கடல் கடந்து வெளிவரும் ஒரு சஞ்சிகை, தன் இயற்கைச் சிறப்பிதழுக்காக, 'அதிகாலைக் காட்டில் நாயோடு ஒரு நடை' என்று தலைப்பையும் தந்து பத்து நாள் தவணையும் தந்தது. ஆசிரியருக்குக் கிழக்கிலங்கையில் இருக்கும் எங்கள் கல்முனையைத் தெரியாது. இங்கே காடு என்று சொல்ல, சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் நட்ட சவுக்குத் தோப்பு ஒன்றுதான் இருக்கிறது. எனக்கோ நாயைத் தெரியாது. சோனக முஸ்லிம் வீட்டில் பிறந்து, ஐம்பத்தாறு வருடமாக நாயைக் கண்டால் ஒதுங்கி நடந்தே பழகியவன்.

இருந்தாலும் தொடங்கினேன்:

அடர்ந்த வனத்தின் மேல் மூடுபனி மெல்ல இறங்க, அவர் தன் செல்ல நாயுடன் —

எந்த வனம்? எந்த மூடுபனி? வெட்கமில்லையா எனக்கு? [இந்த வரியை அழிக்கவில்லை. அழித்தால் என்னை நல்ல எழுத்தாளன் என்று நினைத்துவிடுவீர்கள்.]

2

அப்போதுதான் பஸாலின் ஞாபகம் வந்தது.*

பஸால் நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்கால்களுக்குப் படம் கீறி ஓய்வுபெற்றவர். பக்கத்து மேசையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர் பெனடிக். பெனடிக்குக்கு நெஞ்சுவலி வந்து ஆசுபத்திரியில் படுத்தார். மகள் சர்மினி கூட நின்றாள். வீட்டில் மிஞ்சியது ரொக்கி என்ற கிழட்டு நாய். சொந்த வளவுக்குள் ஒன்றுக்கும் போகாத மானஸ்தன் அது.

"மச்சான், விடியக்காலம ஒருக்காத் தோப்புக்குக் கொண்டு போயிட்டு வாடா. இல்லாட்டி வயிறு வெடிச்சுச் செத்துப்போயிரும்" என்றார் பெனடிக், கட்டிலில் கிடந்தபடி.

"ஓம்" என்று பஸாலின் வாய் சொல்லிவிட்டது. தெருவுக்கு வந்த பிறகுதான் மூளை விழித்தது. வருகிற வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு, அவருடைய தாய்வழிக் குடியின் சார்பில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கப்போகும் மரைக்காயரைத் தெரிவு செய்கிறார்கள். ஆறு வருடமாக அவர் ஆசைப்பட்ட பதவி. நாயோடு திரிகிறவனை யார் தெரிவு செய்வார்கள்?

* உண்மைப் பெயர் வேறு. "என்ட பேரப் போட்டா ஒன்ட வாசல்ல வந்து குந்திருவன்" என்று மிரட்டியதால் மாற்றினேன்.

3

படம் கீறியவர் அல்லவா, திட்டமும் கீறினார். மார்க்கச் சட்டப்படி, காய்ந்த நாய், காய்ந்த கை, பிரச்சினையில்லை. பனியில் நனைந்த நாய் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், ஒரு தரம் மண்ணோடு. ஆகவே பதினெட்டடிக் கயிறு. இரண்டு பெரிய போத்தல் தண்ணீர். ஒரு பையில், நற்பிட்டிமுனை வயல் வரம்பில் அள்ளிய சுத்தமான மண். காலடியில் கடற்கரை முழுக்க மணல் கிடக்கிறதே என்றால், அது எத்தனை நாய் நடந்த மணலோ என்பது அவருடைய சந்தேகம்.

சுபஹுத் தொழுதுவிட்டு நேரே தோப்பு. நாய் முன்னால் போகும். பதினெட்டடி பின்னால் பஸால், கயிற்றுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர் போல வானத்தைப் பார்த்தபடி வருவார். சாரனோடு சப்பாத்துப் போட்டு நடைப்பயிற்சிக்கு வரும் சீனி வருத்தக்காரர்கள் எதிரே வருவார்கள்.

"என்ன கயிறு, பஸால்?"

"வள்ளக் கயிறு."

ரொக்கி அந்த நேரம் பார்த்துக் குரைக்கும்.

ஆறு மணிக்குப் போன் அடிக்கும். "போச்சா?" என்பார் பெனடிக்.

"போச்சு."

"எவ்வளவு?"

"டேய், அத நான் அளக்கல்லடா!"

இந்த இடத்தில் எனக்கொரு சந்தேகம். பஸால் ஏன் மாட்டேன் என்று சொல்லவில்லை? வாசகருக்குக் காரணம் வேண்டுமே என்று எழுதினேன்: அன்று ஊரடங்கு. பஸாலின் மனைவி றுக்ஸானாவுக்கு வலி கண்டபோது, பெனடிக்தான் உயிரைப் பணயம் வைத்துச் சைக்கிளில் —

பஸாலுக்கு வாசித்துக் காட்டினேன். "பொய்யி. அண்டைக்கு அவன் வீட்ட நித்திர" என்றார். "கேட்டான், போனன். அவ்வளவுதான்."

4

ஐந்தாம் நாள், வெள்ளி. அதற்கு முதல் நாள் பின்னேரம் சர்மினி போன் எடுத்திருந்தாள்: "அப்பாக்கு மிச்சம் ஏலாம இரிக்கு மாமா. ஒண்டும் கதைக்கிறாரில்ல. அவர்ட போனும் என்ட கையிலதான்."

இரவு முழுக்கத் தூங்காத பஸால், கயிற்றைக் கவனிக்கவில்லை. ரொக்கி ஒரு நண்டைக் கண்டது, பாய்ந்தது, மூன்று சவுக்கு மரங்களைச் சுற்றியது. பதினெட்டடியும் சுற்றி முடிந்து கழுத்து இறுகிவிட்டது. நாக்கு வெளியே தள்ளியது. உடம்பெல்லாம் பனி ஈரம்.

பஸால் நாலு பக்கமும் பார்த்தார். [முதல் பிரதியில் இந்தப் பார்வைக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்குள் நாய் செத்திருக்கும்.]

"யா அல்லாஹ்!" என்று மண்டியிட்டு, இரண்டு கையாலும் நாயை அணைத்துத் தூக்கி, முடிச்சை அவிழ்த்தார். மூச்சு வந்த ரொக்கி அவருடைய தாடியை மேலிருந்து கீழ்வரை நக்கித் தீர்த்தது. பிறகு பக்கத்து மரத்தடிக்குப் போய், வந்த காரியத்தையும் முடித்துக்கொண்டது.

பஸால் கழுவத் தொடங்கினார். முதல் தரம் மண்ணோடு. சேறு முழங்கைவரை வழிந்தது. இரண்டாம் தரத்துக்குப் போத்தலை எடுக்கும்போது முன்னால் ஒரு சப்பாத்து வந்து நின்றது. மரைக்காயரைத் தெரிவு செய்யும் கூட்டத்துக்குத் தலைவர், இஸ்மாலெவ்வை ஹாஜி.

"இது ஆர்ட நாய், பஸால்?"

அந்நேரம் சட்டைப் பையில் போன் அடித்தது. மணி ஆறு. பெனடிக்கின் நம்பர்.

5

மூன்று பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) "தெரியா ஹாஜி. தெருநாய்." பதவி நிச்சயம். ஆனால் ரொக்கி அவர் காலோடு ஒட்டிக் குந்தியிருக்கிறது. "இத எழுதினா ஒன்னோட கதைக்கமாட்டன்" என்றும் பஸால் சொல்லிவிட்டார்.

(ஆ) "பெனடிக்ட நாய்." நல்ல பதில். ஹாஜி மனமிளகி, "கூட்டாளிக்குச் செய்ற உதவிதானே" என்றுகூடச் சொல்வார். ஆனால் பெனடிக் இருந்தால்தான் இது உண்மை.

(இ) "என்ட நாய்." இதை அவர் சொல்ல வேண்டி வந்தால், ஆசுபத்திரியில் —

[இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.]

"பொறுங்க ஹாஜி" என்கிறார் பஸால். "இந்தப் போன எடுத்தாத்தான் அது தெரியும்."

அவருடைய இரண்டு கையும் சேறு. ஹாஜி அந்தச் சட்டையைத் தொடமாட்டார். கதையை எழுதும் நானோ, பழக்கதோஷம், பத்தடி தள்ளி ஒரு சவுக்கு மரத்துக்குப் பின்னால் நிற்கிறேன். வாசகரே, இங்கே கை காய்ந்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான். போன் இன்னும் அடிக்கிறது. எடுங்கள்.

"போச்சா?" என்று கேட்டால், ஓம், போச்சு என்று சொல்லுங்கள்.